கீறல் எங்கே?

ஒரு குற்றம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிகிறது. எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்டத் தெரியவில்லை. இந்த நிலையில் 'குற்றம் உண்டு' என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா?

வக்கீல்களைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் பதில் வந்துவிடும்: ருசு இல்லையென்றால் குற்றமும் இல்லை. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் பதில் வரும். ஆனால் அது நேர் எதிரான பதிலாக இருக்கும். நெருப்பில்லாமல் புகையுமா என்பார்கள். இந்த இரண்டு கட்சியிலும் எனக்குப் பூரண நம்பிக்கை கிடையாது. ஆகவே, விருப்பு வெறுப்பு இல்லாத ஓர் இடத்தில் போய் இதைக் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றிற்று. எண்களிடம் போனேன். எண்களுக்குப் பங்காளிச் சண்டை கிடையாது, ஜாதி கிடையாது, ஓர் எண்ணைக் குற்றவாளி என்று சொல்லி நாம் அடையப் போகும் லாபமும் கிடையாது.

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் கணக்குப் படித்தவன். அதற்கு மேல் போனதில்லை. எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

பன்னிரண்டு பனியன்களை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். இரண்டு வரிசை, மூன்று வரிசை, நான்கு வரிசை, ஆறு வரிசை, எல்லாம் சரியாக வரும். வியாபாரத்தில் டஜன் என்ற கணக்கு இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவே காரணம். அதில் ஒன்றைக் கூட்டிப் பதின்மூன்று ஆக்கிவிட்டால் தீர்ந்தது. ஒரே நீள வரிசைதான். வேறு வழி இல்லை. இப்படித் தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். இவற்றுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்னாலேயே காட்டிவிட்டார். பகா எண் என்று நம்பி எடுத்த ஒன்று எதனாலாவது வகுபட்டுவிட்டால், அந்த வகுபடும் இடத்தைக் கீறல் என்று வைத்துக்கொள்வோம். (பன்னிரண்டு இதற்குக் கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன்.)

சின்ன எண்ணில் கீறலைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். இரண்டால், மூன்றால், ஐந்தால் என்று வகுத்துக்கொண்டே போனால் போதும். இருபது இலக்கம், முப்பது இலக்கம் உள்ள எண்ணாக இருந்தால் இந்த முறை உதவாது. ஆயுள் போதாது. அங்கேதான் தட்டிப் பார்க்கும் வித்தை வருகிறது.

தட்டிப் பார்ப்பது நம் ஊரில் புதிதல்ல. மண்பானை வாங்கினால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். தேங்காயும் அப்படியே. திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் அனுப்பர்பாளையத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பித்தளைக் குடம், செப்புத் தவலை, எவர்சில்வர் பாத்திரம் என்று பல தலைமுறையாகப் பெயர் வாங்கிய ஊர். கண்ணுக்கு ஊர் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். இன்று சுற்றிலும் பனியன் கம்பெனிகள். தையல் இயந்திரத்தின் இரைச்சல் ஒரு பக்கம். ஆனாலும் சந்துக்குள் திரும்பினால் சுத்தியல் சத்தம் கேட்காமல் இராது. அங்கே குடத்தை வாங்கி வைப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லை. ஒரு கையில் தொங்கவிட்டு மறு கையின் விரல் கணுவால் ஒரு தட்டு. கணீரென்று நீளமாக ஒலித்தால் ஒரு பக்கம். சத்தம் பாதியில் அறுந்தால் வேறு பக்கம். கீறல் எங்கே என்று அவர் தேடுவதில்லை.

எண்களைத் தட்டும் முறையை 1640-ஆம் வருஷத்தில் பெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கடிதத்தில் எழுதி வைத்தார். அவரும் வக்கீல் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். நீதி ஸ்தலத்தில் உத்தியோகம், ஓய்வு நேரத்தில் கணக்கு. அவர் சொன்னது இது: ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள். அதைவிட ஒன்று குறைவான தடவை 2-ஐ எழுதி எல்லாவற்றையும் பெருக்கு. வருவதை அந்தப் பகா எண்ணால் வகு. மீதி 1 வரும். (2 என்ற எண்ணை மட்டும் இதிலிருந்து விட்டுவிடுங்கள்.) ஏழை எடுத்துப் பாருங்கள். ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. ஏழால் வகுத்தால் ஒன்பது தடவை போய் மீதி 1. ஏழு கணீரென்று ஒலிக்கிறது. இப்போது ஒன்பது. எட்டு இரண்டுகளைப் பெருக்கினால் 256. ஒன்பதால் வகுத்தால் மீதி 4. சத்தம் அறுந்துவிட்டது. ஆகவே ஒன்பது பகா எண் அல்ல.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம் இருக்கிறது. ஒன்பதை மூன்றால் வகுத்து நாம் பார்க்கவே இல்லை. மூன்றின் பெயரே இந்தக் கணக்கில் வரவில்லை. 'இது உடையும்' என்று மட்டும் தெரிகிறது. எந்த இடத்தில் உடையும் என்பது தெரியவில்லை. ஒன்பதுக்கு இது வேடிக்கை. இருபத்தொரு இலக்க எண்ணுக்கு வரும்போது வேடிக்கை போய்விடுகிறது.

மெர்சென் என்று பாரிஸில் ஒரு பாதிரியார் இருந்தார். 2-ஐப் பல தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் சில சமயம் பகா எண் கிடைக்கிறது. இரண்டு இரண்டைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 3. மூன்று இரண்டுக்கு 7. ஐந்து இரண்டுக்கு 31. எத்தனை தடவை பெருக்கினால் இந்த அதிர்ஷ்டம் அடிக்கும் என்று 1644-இல் அவர் 257 வரைக்கும் ஒரு ஜாபிதா வெளியிட்டார். அதில் 67 இருந்தது. 127 இருந்தது. இருநூறு வருஷத்துக்கு மேல் அந்த ஜாபிதாவை முழுக்கச் சோதிக்க யாருக்கும் வழி தெரியவில்லை. பெரியவர் சொன்னார், இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

1876-இல் எதுவார் லூகா என்ற கணித ஆசிரியர், இந்த வகை எண்களுக்கென்றே தனியாக ஒரு தட்டும் முறையைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் லேமர் என்ற அமெரிக்கர் அதைச் செப்பனிட்டார். முறை என்னவோ குழந்தைக் கணக்கு மாதிரிதான். 4-இல் தொடங்கு. அதை அதாலேயே பெருக்கி இரண்டைக் கழி: 14. மறுபடி அப்படியே செய்: 194. மறுபடி: 37,634. ஐந்து இரண்டுகளால் ஆன 31-ஐச் சோதிக்க இந்த மூன்று படி போதும். 37,634-ஐ 31-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி இல்லாமல் 1,214 தடவை போகிறது. ஆகவே 31 பகா எண். மீதி வந்திருந்தால் அல்ல. இந்தச் சத்தம் இரண்டு பக்கமும் பொய் சொல்லாத சத்தம்.

லூகா 127-ஐத் தம் முறைப்படி தட்டினார். கணீரென்றது. முப்பத்தொன்பது இலக்கமுள்ள அந்த எண்தான் பிறகு எழுபத்தைந்து வருஷம், 1951 வரைக்கும், மனிதன் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. 67-ஐத் தட்டினார். சத்தம் அறுந்தது. 14,75,73,95,25,89,67,64,12,927 என்ற அந்த எண் உடையும் என்று சொல்லிவிட்டார். எதால் உடையும் என்று அவருக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. இருபத்தேழு வருஷம் அப்படியே கழிந்தது.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். கோல் என்பவர் பேச வேண்டிய முறை வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லையாம். கரும்பலகைக்குப் போய் 2-ஐ அறுபத்தேழு தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்து எழுதினார். பலகையின் மறு பக்கம் போனார். 19,37,07,721 என்று எழுதினார். அதன் கீழே 7,61,83,82,57,287 என்று எழுதினார். இரண்டையும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி வரி வரியாகப் பெருக்கினார். இரு பக்கத்து விடையும் ஒன்றாக இருந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சபை எழுந்து கை தட்டிற்று. எவ்வளவு காலம் பிடித்தது என்று பின்னால் கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். பெல் என்ற கணித ஆசிரியர் எழுதி வைத்துப் பரவிய கதை இது. கதை சொல்லிகள் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம். எண்களில் மெருகு கிடையாது. வேண்டுமானால் நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கேள்வி அந்த இருபத்தேழு வருஷத்தைப் பற்றியது. கோல் கீறலைக் காட்டுவதற்கு முன்னால், அந்த எண்ணைக் 'கீறல் உள்ளது' என்று தள்ளி வைத்தது நியாயம்தானா?

நியாயம் என்றே நினைக்கிறேன். லூகா, 'என் காதுக்குக் கேட்கிறது, ஒப்புக்கொள்' என்று சொல்லியிருந்தால் நான் ஒப்பமாட்டேன். அவர் தட்டும் முறையை எழுதி வைத்தார். பிடிக்காதவனும் தட்டிப் பார்க்கலாம். பத்து பேர் தட்டினாலும் சத்தம் ஒன்றுதான். எந்தப் படியில் தவறு என்று யார் வேண்டுமானாலும் விரல் வைத்துக் கேட்கலாம். கீறலைத்தான் காட்டவில்லையே தவிர, மற்ற எல்லாவற்றையும் அவர் காட்டிவிட்டார்.

அனுப்பர்பாளையத்தில் ஒரு பட்டறைத் திண்ணையில் நான் உட்கார்ந்திருந்த ஒரு பகல் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. வயது அறுபதை நெருங்கியவர் ஒருவர் தாம் அடித்து முடித்த குடங்களைக் கொண்டுவந்து இறக்கினார். வாங்கி வைத்தவர் முதலாளியின் மகன். இருபத்தைந்து வயது இருக்கும். தட்டிக்கொண்டே வந்தவர் ஒரு குடத்தைத் தனியாக வைத்தார்.

"இது ஆகாதுங்கண்ணா. சத்தம் சரியில்லீங்க."

"கீறல் எங்கிருக்குதுன்னு காட்டுங்க தம்பி, ஒத்துக்கறேன்."

"காட்டத் தெரியலீங்க. ஆனா இருக்குது."

பெரியவர் குடத்தில் தண்ணீரை ஊற்றி உட்கார வைத்தார். ஒரு சொட்டுக் கசியவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குடம்தான் என்று நமக்குத் தோன்றும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அது அரை நாள். அதைவிட, எதிரே இருந்தவர்கள் முன்னால் ஒரு சொல். 'சரி, அவனைக் கூப்பிடுங்க' என்று அடுத்த பட்டறையில் வேலை செய்த ஒருவரைக் கூப்பிடச் சொன்னார் பெரியவர். வந்தவரைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தண்ணீரைக் கொட்டித் துடைத்து, ஆறு குடங்களை இடம் மாற்றி வைத்து, ஒவ்வொன்றாகத் தாமே தட்டினார். நான்காவதில் வந்தவர், "இதுதானுங்க" என்றார். அதே குடம். பெரியவர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அன்று மிகவும் பிடித்தது அந்த மூன்றாவது ஆளைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்திய காரியம். யார் குடம், யார் சந்தேகப்பட்டார் என்ற இரண்டும் அவருக்குத் தெரியாது. சத்தம் மட்டும் தெரியும். சத்தத்துக்கு முதலாளி, தொழிலாளி கிடையாது. ஆனாலும் என் மனத்தில் ஒரு நெருடல் இருந்துகொண்டேதான் இருந்தது. பெரியவருக்கு அப்படி ஒருவரைக் கூப்பிடும் தைரியமும், கூப்பிட்டால் வரும் சிநேகமும் இருந்தன. இல்லாதவர் என்ன செய்வார்?

அதே வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளில் செக்கிங் என்று ஒரு வேலை உண்டு. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து தைத்து வந்த துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, சின்ன ஓட்டை, எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்திலேயே ஒரு சிறிய அம்புக் குறிச் சீட்டை ஒட்டிவிடுவார்கள். 'சரியில்லை' என்று சும்மா தள்ளக் கூடாது. அம்பு எங்கே என்று கேட்பார்கள். துணிக்கு இத்தனை நியாயம் கிடைக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கம்பெனியில், மேஜை மேல் வைத்த பணம் காணவில்லை என்று ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். என்ன அத்தாட்சி என்று விசாரித்தேன். 'முகத்தைப் பார்த்தாலே தெரியுதுங்களே' என்றார் சொன்னவர். அம்பு எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. முகத்தைத் தட்டிப் பார்க்கும் முறையை யாரும் எழுதி வைத்ததில்லை. வேறு ஒருவர் தட்டினால் அதே சத்தம் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அந்தப் பெண்ணை யாரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று விசாரிக்கவில்லை. எல்லோரும் அவளை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே தீர்மானித்தார்கள்.

இதுவரை சொன்னது பாதி. மறு பாதி இன்னும் சங்கடமானது. தட்டியதும் சத்தம் அறுந்தால் கீறல் நிச்சயம். சத்தம் கணீரென்று வந்தால் கீறல் இல்லை என்பது நிச்சயமா?

லூகாவின் முறையில் நிச்சயம். ஆனால் அது மெர்சென் ஜாதி எண்களுக்கு மட்டுமே பயன்படும். பெர்மாவின் தட்டு எல்லா எண்ணுக்கும் பயன்படும். ஆனால் அதில் ஏமாறவும் இடம் உண்டு. 341 என்ற எண்ணைப் பாருங்கள். பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1,024. அதை 341-ஆல் வகுத்தால் மூன்று தடவை போய் மீதி 1. பத்துக்கு மீதி 1 என்றால், பத்துப் பத்தாக முப்பத்துநான்கு தடவை சேர்ந்த 340-க்கும் மீதி 1-தான். 341 கணீரென்கிறது. ஆனால் 341 என்பது 11-ஐ 31-ஆல் பெருக்கியது! சரி, 2-ஆல் தட்டாமல் 3-ஆல் தட்டினால் இது மாட்டிக்கொள்கிறது. மாட்டிக்கொள்ளாத ஆசாமிகளும் இருக்கிறார்கள். 561 என்று ஒன்று. தன் காரணிகளான 3, 11, 17 ஆகியவற்றோடு உறவில்லாத எந்த எண்ணால் தட்டினாலும் அது பகா எண் போலவே ஒலிக்கும். இந்த ரகத்துக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். இவையும் முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994-இல் நிரூபித்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் நமக்கெல்லாம் வேண்டிய ஒருவரும் இருக்கிறார். 1729. ஹார்டி வந்த டாக்ஸியின் நம்பர். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ராமானுஜன், இரண்டு விதமாக இரு கனங்களின் கூட்டுத் தொகையாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் இது என்று சொன்ன அதே நம்பர். அது 7, 13, 19 என்ற மூன்றையும் பெருக்கினால் வருவது. பெர்மாவின் தட்டுக்குக் கணீரென்று பதில் சொல்லிப் பகா எண் போல நடிக்கும் எண்களில் மூன்றாவது அது. எல்லாச் சபையிலும் கணீரென்று பேசுகிற சில பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும். 1729-ஐ அவர்களோடு சேர்க்க மனம் வரவில்லை.

ராமானுஜன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அவர் நம் கொங்கு நாட்டுக்கும் கொஞ்சம் சொந்தம். 1887-இல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர். தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளும் காது அவரைப் போல் யாருக்கும் வாய்த்ததில்லை. ஆனால் பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்பதைப் பற்றி 1913-இல் அவர் ஹார்டிக்கு எழுதிய விஷயங்களில், அந்தக் காது ஏமாந்துவிட்டது. தம் சூத்திரம் உண்மைக்கு மிகமிக நெருக்கம் என்று அவர் நம்பினார். அவ்வளவு நெருக்கம் இல்லை. ஹார்டி இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ராமானுஜனை நேசித்தவர்களில் அவருக்கு மேல் ஒருவரைச் சொல்ல முடியாது. நேசித்ததனாலேயே நிரூபணம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பகா எண்கள் இப்படி ஆளை ஏமாற்றுவதில் கைகாரர்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்த எஸ். எஸ். பிள்ளை ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார். அடுத்தடுத்து வரும் எண்களில் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றாவது, மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாமல் ஒதுங்கி நிற்கும். இரண்டு எண் எடுத்தாலும் அப்படி, பத்து எடுத்தாலும் அப்படி, பதினாறு எடுத்தாலும் அப்படி. எங்கே தொடங்கினாலும் அப்படி. பதினாறு வரைக்கும் தவறாத விதி பதினேழில் தவறிவிடுகிறது: 2,184 முதல் 2,200 வரை பதினேழு எண்களில் ஒதுங்கி நிற்பது ஒன்று கூட இல்லை. பதினைந்து தடவை சரியாக இருந்தவனைப் பதினாறாவது தடவை சோதிக்காமல் விடுகிறவர்கள் நாம். பிள்ளை 1950-இல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் காலமானார். நாற்பத்தொன்பது வயது. அவருடைய ஊரிலாவது அவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கார்மைக்கேல் எண்களின் நடிப்பைக் கண்டுபிடிக்கத் தட்டும் முறையையே சற்று மாற்றினார்கள். மில்லர் என்பவரும் ராபின் என்பவரும் 1970-களில் இதைச் செய்தார்கள். குருட்டாம்போக்கில் ஏதோ ஓர் எண்ணை எடுத்து அந்தப் புது முறையில் தட்டினால், கீறல் உள்ள எண் தப்பிக்க நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. இரண்டாம் தட்டில் பதினாறில் ஒன்று. பத்துத் தட்டுக்குப் பிறகு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. உலகக் காரியங்களுக்கு இது போதும். போதும் என்றுதான் உலகம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் 'போதும்' என்பது 'நிச்சயம்' ஆகுமா?

ஆகாது என்று பிடிவாதமாக இருந்தவர்களுக்கு 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து விடை வந்தது. மணீந்திர அகர்வால் என்ற பேராசிரியர். நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்று இரண்டு மாணவர்கள். அப்போதுதான் பட்டப் படிப்பை முடித்த பையன்கள். எந்த எண்ணாக இருந்தாலும் சரி, அதிர்ஷ்டத்தை நம்பாமல், நிரூபிக்கப்படாத ஊகத்தை நம்பாமல், நியாயமான கால எல்லைக்குள் பகா எண்ணா இல்லையா என்று தீர்த்துச் சொல்லும் வழியை மூன்று பேரும் எழுதிவிட்டார்கள். நூற்றாண்டுகளாக உலகம் தேடிய வழி. 2006-இல் கோடல் பரிசு கிடைத்தது. அனுபவத்தில் அந்த வழி மெதுவானது. அவசரக்காரர்கள் இன்னும் மில்லர், ராபின் தட்டையே பயன்படுத்துகிறார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. எல்லோரும் தினமும் உச்ச நீதிமன்றத்துக்குப் போவதில்லை. அது இருக்கிறது என்பது ஒரு தைரியம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கான்பூர் வழியும் கீறலைக் காட்டுவதில்லை. உண்டு, இல்லை என்ற தீர்ப்பு மட்டும்தான். காட்டுவது முற்றிலும் வேறு வித்தை. அதற்கு இன்றுவரை சுலபமான வழி யாருக்கும் அகப்படவில்லை. அகப்படாமல் இருப்பதில்தான் நம் பணமே பத்திரமாக இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்று மூன்று பேர் ஒரு பூட்டுச் செய்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையைத் தெருவில் எல்லோரும் பார்க்க மாட்டிவிடுவது; அதை உடைக்கும் இரண்டு எண்களை மட்டும் மறைத்து வைத்துக்கொள்வது. இது உடையும் என்பது ஊருக்கே தெரியும். எங்கே என்று காட்டத்தான் ஆள் இல்லை. அவர்கள் சவாலாக விட்ட 129 இலக்க எண்ணை உடைக்கப் பதினேழு வருஷமும், நூற்றுக்கணக்கான பேரின் கம்ப்யூட்டர்களும் வேண்டியிருந்தன. இப்போது பயன்படுவது அதைவிட மிக நீளமானது. எண்களின் ஆராய்ச்சியால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை, யுத்தத்துக்கும் உதவாது என்று ஹார்டி 1940-இல் பெருமையோடு எழுதினார். அவர் இன்று இருந்தால் திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம் செல்போனில் வந்து விழுவதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ!

தட்டுவதும் காட்டுவதும் வேறு வேறு என்பதை 2024-இல் மறுபடி பார்த்தோம். பெரிய மெர்சென் பகா எண்களைத் தேட 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கூட்டு முயற்சி ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரை அதற்கு இரவல் கொடுக்கலாம். அதில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர், பதினேழு தேசங்களில் வாடகைக்கு இயந்திரங்களைப் பிடித்து ஏறக்குறைய ஒரு வருஷம் தேடினார். அக்டோபர் 11-ஆம் தேதி டப்ளினில் இருந்த ஓர் இயந்திரம், 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்த எண்ணைத் தட்டிப் பார்த்து, 'பகா எண் போல ஒலிக்கிறது' என்றது. பெர்மாவின் பழைய தட்டுத்தான். அதை அவர்கள் ஏற்கவில்லை. மறுநாள் டெக்ஸாஸில் வேறு இயந்திரம் லூகாவின் முறைப்படி, 4, 14, 194 என்று தொடங்கிப் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்ட படிகளை ஏறி முடித்து, மீதி இல்லை என்று சொன்னது. பிறகும் வேறு வேறு இயந்திரங்களில், வேறு வேறு ஆட்கள் எழுதிய முறைகளில் ஏற்றிப் பார்த்த பிறகுதான், 21-ஆம் தேதி உலகத்துக்கு அறிவித்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கும் ஆட்கள் எத்தனை பேர், பாருங்கள்.

அந்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு நாலாயிரம் இலக்கம் அச்சடித்தால் பதினாயிரம் பக்கத்துக்கு மேல் வரும். நொடிக்கு இரண்டு இலக்கம் வீதம் தூங்காமல் வாசித்தால் இருநூற்று முப்பத்தேழு நாள் ஆகும். அதை முழுக்க வாசித்த மனிதன் இருக்க மாட்டான். யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லாத எண். பூட்டுக்குக் கூட உதவாத அளவுக்குப் பெரியது. ஆனால் அதன் மேல் சொன்ன ஒரு வார்த்தைக்கு, அது பகா எண் என்ற ஒரே வார்த்தைக்கு, இத்தனை பேர் இத்தனை தடவை தட்டிப் பார்த்தார்கள்.

மெர்சென் பாதிரியாரின் வரிசையில் இன்னொன்று இருக்கிறது. அவருடைய ஜாபிதா எட்டாத தூரத்தில். 1,277 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. லூகாவின் முறையில் தட்டிப் பார்த்துவிட்டார்கள்; சத்தம் அறுந்துவிட்டது. அது உடையும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வகையில், உடையும் என்று தெரிந்தும் ஒரு காரணி கூட அகப்படாத எண்களில் மிகச் சிறியது அதுதான். எத்தனையோ இயந்திரங்களை விட்டுத் தேடிவிட்டார்கள். நான் இதை எழுதும் வரை கீறலை யாரும் காட்டவில்லை. முந்நூற்று எண்பத்தைந்து இலக்கம். பொடியாக எழுதினால் ஒரு தபால் கார்டின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.